பழனிமலைப் பறவைப் பதிவுகளில் வேனிற்கால வலசை: பெருமாள்மலைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குளிர்காலத்தைத் தென்னிந்திய மலைகளில் கழிக்கும் பறவைகள் மார்ச் முதல் மே தொடக்கம் வரையிலான காலத்தில் வடக்கு நோக்கித் திரும்புகின்றன. பழனிமலைத் தொடரில் இத்திரும்பு வலசை எவ்வாறு பதிவு பெற்றுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பறவைப் பட்டியல்கள் முதல் இன்றைய மக்கள் அறிவியல் தரவுகள் வரை எடுத்துக்கொண்டு, அப்பதிவுகளைப் பறவைகளின் நாட்காட்டியைக் காட்டிலும் மனிதரின் நாட்காட்டியே வடிவமைத்துள்ளது என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. கோடைவாசம், புதிய இனங்களுக்கான தேடல், தேர்வுக்காலம், கணக்கெடுப்பு நாள்கள் ஆகியவை பதிவில் ஏற்படுத்திய இடைவெளிகளைச் சுட்டி, கொடைக்கானல் மலைச்சாலையின் சந்திப்பான பெருமாள்மலைப் பகுதிக்கு ஏற்ற பதிவுமுறை ஒன்றையும் பரிந்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வலசை, பழனிமலை, பெருமாள்மலை, பறவைப் பதிவுகள், கோடைவாசம், மக்கள் அறிவியல்.

முன்னுரை

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், நகரை அடைவதற்குச் சுமார் 12 கி.மீ. முன்பாக அமைந்துள்ள ஊர் பெருமாள்மலை. பழனிக்குச் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. ஊருக்கு மேலே பெருமாள் மலைமுடியும், அருகில் டைகர் சோலைக் காடும், கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கமாக விரியும் காப்பித் தோட்டங்களும் உள்ளன. உயர்மலைச் சோலைக்கும் கீழ்மலைத் தோட்டங்களுக்கும் இடைப்பட்ட இந்நிலை, பறவை ஆய்வுக்கு இப்பகுதியைச் சிறப்புடையதாக்குகிறது. மேல்மலையில் தங்கும் வலசைப் பறவைகளையும் கீழ்மலை மரநிழலில் தங்குவனவற்றையும் ஒரே நாள் நடையில் காண இங்கு வாய்ப்புண்டு.

பழனிமலைப் பறவைகள் குறித்த அச்சுப் பதிவுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டவை. அப்பதிவுகளில் எந்தப் பறவை உண்டு, எந்தப் பறவை இல்லை என்னும் வினாவுக்குத் தெளிவான விடை உண்டு. ஆனால் எந்தப் பறவை எப்போது புறப்பட்டுச் சென்றது என்னும் வினாவை எழுப்பினால் அவை பெரும்பாலும் மௌனம் காக்கின்றன. பருவநிலை மாற்றத்தால் வலசைக் காலம் முன்னோக்கி நகர்கிறதா என்பது இன்று உலகெங்கும் கேட்கப்படும் வினாவாகும். அதற்குப் பழனிமலை தரக்கூடிய சான்று என்ன, அச்சான்றின் வலிமை எத்தகையது என்பதை அறிவதற்கு, முதலில் அம்மௌனத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். இக்கட்டுரை அந்நோக்கிலேயே பதிவுகளை அணுகுகிறது.

சொல்லும் பருவமும்

'வலசை' என்னும் சொல் தமிழில் முதலில் மனிதரைக் குறித்தது. பகைவர் படைக்கு அஞ்சி ஊரைவிட்டுப் புலம்பெயர்தல் என்பதே தமிழ்ப் பேரகராதி தரும் பொருளாகும். பறவைகளின் பருவப் பெயர்ச்சிக்கு அச்சொல் நிலைபெற்றது பிற்கால வழக்கு. அச்சமும் இழப்பும் தொனிக்கும் சொல், ஆண்டுதோறும் நிகழும் ஒழுங்கான இயக்கத்தைக் குறிக்க வந்தமை கருதத்தக்கது.

மேனாட்டார் 'வசந்தகால வலசை' என வழங்கும் நிகழ்வைத் தமிழ்ப் பருவங்களோடு பொருத்திப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. பறவை இங்கிருந்து புறப்படும் காலம் பின்பனியின் இறுதிக்கும் இளவேனிலுக்கும் இடைப்பட்டது. அதாவது பங்குனியும் சித்திரையும். வசந்தம் என்பது பறவை சென்றடையும் இமயத்துக்கும் நடு ஆசியாவுக்கும் உரியது. எனவே இங்குள்ளவர் காண்பது வருகையன்று, புறப்பாடு. மேனாட்டு வலசை ஆய்வில் வேனிற்காலப் பதிவு என்பது முதல் வரவின் பதிவாகும். தமிழ்நாட்டில் அதே காலப் பதிவு இறுதிக் காட்சியின் பதிவாகும். இவ்வேறுபாடு முறையியலில் மிக முக்கியமானது. பின்னர் விரிவாக நோக்கப்படும்.

வடதிசைப் பயணத்தைத் தமிழ்ப் புலவர் அறியாதவர் அல்லர். புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித் துறையில் அயிரை மேய்ந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னச் சேவலை விளித்து, இடைவழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு தம் பெயரைக் கூறுமாறு வேண்டுகிறார். நட்பின் ஆழத்தைக் காட்டும் பாடலாகவே இது பெரிதும் பயிலப்படுகிறது. அதன் புவியியலும் கவனத்துக்குரியது. தெற்கில் இரைதேடி உடல் நிரம்பிய பறவை வடக்கே மலை நோக்கித் திரும்புகிறது என்னும் திசையறிவு அதில் தெளிவாக உள்ளது. பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாடலும் தென்குமரி சென்று வடதிசைக்கு மீளும் பறவையையே தூது விடுகிறது. இரண்டும் நீர்நிலைகளைச் சார்ந்த பெரும் பறவைகள். வானில் கூட்டமாகச் செல்வதைக் கண்ணால் காணக்கூடியவை. சோலை மரங்களின் உச்சியில் பூச்சி தேடி, இரவில் தனித்துப் புறப்படும் சிறு குருவிகளின் வலசை அத்தகைய காட்சியைத் தருவதில்லை. சங்க இலக்கியப் பறவைகளைத் தொகுத்து ஆராய்ந்த பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' போன்ற நூல்களின் துணைகொண்டும், மலைக்காட்டுச் சிறு குருவிகளின் போக்குவரவை இலக்கியத்திலிருந்து மீட்பது அரிது. அவ்வகையில் வரலாற்றாசிரியர் நாடவேண்டியவை பிற்காலத்து இயற்கையியல் ஆவணங்களே.

கோடைவாசத்தின் ஆவணங்கள்

பழனிமலையை 1821இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு நில அளவை செய்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் நோயும் பாதிரிமார் குடும்பங்களை வருத்தியதே அதற்குக் காரணம். இதனால் உருவான கோடைவாசம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தை மையமாகக் கொண்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் மலையில் எழுதத்தெரிந்த வெளியார் எண்ணிக்கை மிகுந்திருந்த பருவம் இதுவே.

பழனிமலைப் பறவை ஆய்வின் முதன்மையான பெயர் சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க் (1822–1898). அகமத்நகர்ப் பகுதியில் அமெரிக்க மராத்தி மிஷனில் பணியாற்றிய இவர், அதே தலைமைச் சங்கத்தின் கீழிருந்த மதுரை மிஷனின் மலைவாசத் தலத்துக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு இரு புதிய இனங்களை விவரித்தார். வெள்ளை வயிறும் நீல உடலும் கொண்ட சோலைக்குருவி 1868இலும், ஃபேர்பேங்கின் பெயரையே தாங்கிய சிரிப்பான் 1869இலும் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. ஏ. ஓ. ஹியூம் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் 1877இல் ஃபேர்பேங்கின் பழனிமலைப் பறவைப் பட்டியல் வெளிவந்தது. அதே இதழில் 1887இல் ஹொரேஸ் டெர்ரி அப்பட்டியலுக்குச் சேர்க்கைகளை வெளியிட்டார்.

இப்பட்டியல்களை வலசை நோக்கில் அணுகும்போது இரு செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, கோடைவாசத்தின் கால எல்லை. ஏப்ரல் நடுவில் மலையேறும் ஒருவர், மார்ச் இறுதியில் புறப்பட்டுவிட்ட பறவையைக் காண இயலாது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடமேற்கு இமயத்தில், காஷ்மீரை மையமாகக் கொண்ட குறுகிய பரப்பில் மட்டும் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மார்ச் இறுதியை ஒட்டி அது இடம்பெயரத் தொடங்கிவிடுகிறது. அதன் இன்றைய அறிவியற்பெயர் தரப்பட்டதே 1934இல்தான். அதற்கு முன் நெருங்கிய உறவுடைய செம்மார்பு ஈப்பிடிப்பானோடு அது குழப்பிக்கொள்ளப்பட்டது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் இப்பறவை தெளிவாக இடம்பெறாமை, அது மலையில் இல்லாமைக்குச் சான்றாகாது.

இரண்டாவது, சேகரிப்பின் நோக்கம். அக்காலத்துச் சேகரிப்பாளருக்குப் புகழ் தந்தது புதிய இனமே. பழனிமலைச் சோலைகளுக்கே உரிய நிலைவாழ் பறவைகள் அத்தகைய புகழைத் தந்தன. சாம்பல் வாலாட்டி ஐரோப்பாவிலேயே 1771இல் பெயர் பெற்றுவிட்ட பறவை. பச்சைக் கதிர்க்குருவிக்கு 1837இல் சுந்தேவால் பெயரிட்டுவிட்டார். ஓடைக்கரையிலும் தோட்டத்து மரத்திலும் குளிர்காலமெல்லாம் காணக்கிடைத்த இவை பட்டியலில் ஒரு வரியோடு நின்றுவிட்டன. எந்நாளில் இவை காணாமற்போயின என்று எழுதிவைப்பதில் எவருக்கும் பயனில்லை. இன்று வலசை ஆய்வாளர் தேடுவது அந்த ஒரு நாளைத்தான்.

ஆவணங்களின் ஊழும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஹியூம் பல ஆண்டுகள் எழுதித் தொகுத்த கையெழுத்துப்படிகள் சிம்லாவில் பணியாளரால் பழைய தாளாகச் சந்தையில் விற்கப்பட்டன. அதன்பின் 1885இல் அவர் தமது பெரும் பறவைத் தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அச்சேறிய பட்டியல் எஞ்சியது. அச்சேறாத நாட்குறிப்பு அழிந்தது. வருகை, புறப்பாடு போன்ற செய்திகள் பெரும்பாலும் நாட்குறிப்பில்தான் இருக்கும் என்பதால், இழப்பு ஒருபக்கமாகவே நிகழ்ந்துள்ளது எனலாம்.

'மதுரா மாவட்டம்' என்னும் பெயருக்குள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைக்குச் செல்லும் வழி மாறியது. அதுவரை பெரியகுளம் பக்கமிருந்து குதிரைப் பாதையில், பல்லக்கிலும் நடையிலும் ஏறினர். 1910களின் இடைப்பகுதியில் 'லாஸ் காட்' எனப்படும் மலைச்சாலை பயன்பாட்டுக்கு வந்தபின் பெருமாள்மலை வழியே போக்குவரவு அமைந்தது. பறவை பார்ப்பவர் எவ்வழியில் ஏறுகிறாரோ அவ்வழியின் பறவைகளே அவருடைய குறிப்பில் ஏறும். ஆகவே சாலைக்கு முற்பட்ட பதிவுகளையும் பிற்பட்டவற்றையும் ஒப்பிடுவோர், அவை மலையின் வெவ்வேறு சரிவுகளைப் பற்றியனவாக இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883இல் நிறுவப்பட்டது. அதன் இதழ் 1886இல் தொடங்கியது. அவ்விதழில் 1943 முதல் 1945 வரை ஈ. ஜி. நிக்கல்ஸ் 'மதுரா மாவட்டத்தில் பறவைகளின் காணப்பாடு' என்னும் பொருளில் தொடர்கட்டுரை எழுதினார். பழனிமலை அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபின், இன்றைய ஆய்வாளர் 'திண்டுக்கல்' எனத் தேடினால் இக்கட்டுரை அகப்படாது. மலையின் பெயரும் பழைய ஆங்கில ஏடுகளில் 'புல்னி', 'பல்னி', 'பழனி' எனப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. பெயர்மாற்றங்களின் பட்டியல் ஒன்று இல்லாமல் பழனிமலைப் பறவை ஆவணங்களைத் தொகுப்பது நிறைவு பெறாது.

சாலையோரத்தில், பெருமாள்மலைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே உள்ள செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கு ஆண்டு முழுவதும் துறவியர் தங்கினர். அருட்தந்தை ஃபோரோ பாசிகளையும், அருட்தந்தை ஆங்லாட் தாவரங்களையும் ஆராய்ந்தனர். பிற்காலத்தில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1999இல் பழனிமலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மலையில் நிலையாக வாழ்ந்த இவ்வறிஞர் மரபு, தாவரங்களுக்குத் தொடர்ச்சியான அறிவைத் தந்தது. தாவரம் ஓரிடத்தில் நிற்பது. எப்பருவத்திலும் மீண்டும் சென்று காணத்தக்கது. பறவை வலசைக்கு அத்தகைய தொடர்ச்சி அமையவில்லை.

அதே மலையில் நாள்தோறும் நோக்கும் மரபு இல்லாமலில்லை. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனின் படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துவருகிறது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்குதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்தார். நூறாண்டுக்கும் மேலான அப்படத்தொகுப்பு இன்று உலக அறிவியலின் அரிய சொத்தாகும். மேகம் மறைத்த நாளில் படம் இல்லை என்பதும் அத்தொடரில் ஒரு செய்தியே. சூரியனுக்குக் கிடைத்த அத்தகைய பொறுமை, அதே மலையில் வந்துசென்ற பறவைக்குக் கிடைக்கவில்லை. நிறுவனம் ஒன்று நாள்தோறும் செய்யும் கடமையாக அமைந்ததே சூரியப் பதிவின் வலிமை. பறவைப் பதிவு விடுமுறையில் வந்தவரின் விருப்பமாக அமைந்ததே அதன் வலுவின்மை.

புறப்பாட்டை அறிவதிலுள்ள சிக்கல்

முதல் வரவைப் பதிவு செய்வது எளிது. செப்டம்பரில் ஓடைக்கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு சாம்பல் வாலாட்டி நின்றால், அது வந்துவிட்டது என எழுதலாம். ஒரு காட்சியே போதிய சான்று. புறப்பாடு அவ்வாறன்று. ஏப்ரல் 10இல் கண்ட பறவையை 'இறுதிக் காட்சி' எனக் கூறுவதற்கு, 11ஆம் நாள் முதல் தொடர்ந்து தேடியும் காணவில்லை என்பது உறுதிப்பட வேண்டும். அதாவது புறப்பாட்டு நாள் என்பது இன்மையின் சான்றால் நிறுவப்படுவது. தேடியும் காணாத நாள்களை எழுதிவைக்காத பதிவேட்டில், பறவை இறுதியாகக் காணப்பட்ட நாளும் பார்வையாளர் இறுதியாகச் சென்ற நாளும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது சிக்கல் பறவைகளின் அடையாளம் பற்றியது. பெருமாள்மலைத் தோட்டமொன்றில் ஏப்ரல் இறுதியில் காணப்படும் பச்சைக் கதிர்க்குருவி, அங்கேயே குளிர்காலத்தைக் கழித்ததாகவும் இருக்கலாம். இன்னும் தெற்கிலுள்ள மலைகளிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் ஓரிரு நாள் தங்கியதாகவும் இருக்கலாம். கால்வளையம் இட்ட பறவையாயின் வேறுபடுத்தலாம். வளையமற்ற பறவையில் இறுதிக் காட்சி என்பது உள்ளூர்ப் பறவையின் புறப்பாட்டைக் காட்டாமல், கடைசி வழிப்போக்கனைக் காட்டக்கூடும். மூன்றாவதாக, மலைச்சரிவில் மேலும் கீழுமாக நிகழும் குறுகிய இடப்பெயர்ச்சியும் உண்டு. வெப்பம் மிகும்போது ஊரின் உயரத்தில் காணாமற்போகும் பறவை, மேலேயுள்ள சோலைக்குச் சென்றிருத்தல் கூடும்.

பறவையின் நடத்தையிலும் சில குறிப்புகள் கிடைக்கின்றன. புறப்பாட்டுக்கு முன் சிறு பறவைகள் மிகுதியாக உண்டு கொழுப்பைச் சேமிக்கின்றன. பல இனங்கள் இறகுகளைப் புதுப்பிக்கின்றன. குளிர்காலம் முழுவதும் குறுங்கீச்சொலி மட்டும் எழுப்பிய கதிர்க்குருவிகள் மார்ச், ஏப்ரலில் பாடத் தொடங்குகின்றன. 1990களில் மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைசும் தென்னிந்தியாவில் தங்கும் பச்சைக் கதிர்க்குருவிகளை ஆராய்ந்து, அவற்றின் கொழுப்புச் சேமிப்பு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதைக் காட்டினர். ஆகவே ஓராண்டுப் பதிவை மற்றோராண்டுப் பதிவோடு ஒப்பிட்டு, 'பறவைகள் முன்னதாகவே சென்றுவிட்டன' எனக் கூறுவது பொருந்தாது. மழையும் பூச்சிப் பெருக்கமும் அறியப்படாத நிலையில், இரு நாள்களுக்கிடையேயான வேறுபாடு பருவநிலை மாற்றத்தின் சான்றாகாது.

மாறிய நிலமும் மாறிய இன்மையும்

பழைய பட்டியலையும் புதிய பதிவையும் ஒப்பிடுவதற்கு நிலமும் தடையாகிறது. பழனி மேல்மலையில் புல்வெளியும் சோலையும் மாறிமாறி அமைந்திருந்தன. சீகை, தைலம், பைன் ஆகிய அயல் மரங்கள் பெரும் பரப்பில் நடப்பட்டதாலும் வேளாண்மை விரிந்ததாலும் அவ்வமைப்பு சிதைந்தது. 2018இல் அரசுமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட செயற்கைக்கோள் பட ஆய்வு, நான்கு பதிற்றாண்டுகளில் பழனிமலையின் உயர்மலைப் புல்வெளி மூன்றில் இரு பங்கு சுருங்கிவிட்டதைக் காட்டியது. புல்வெளியை நாடும் வலசைப் பறவைகளான பூனைப்பருந்து போன்றவை ஓரிடத்தில் காணப்படவில்லை என்றால், அவை முன்னதாகப் புறப்பட்டன என்றோ, வரவே இல்லை என்றோ, இறங்குவதற்கு அங்குப் புல்வெளி இல்லை என்றோ மூவகையில் விளக்கலாம். நிலத்தின் வரலாற்றை அறியாத வலசை வரலாறு இம்மூன்றையும் ஒன்றாகக் கருதிவிடும்.

நிலைவாழ் பறவைகள் குறித்த அறிவு இக்காலத்தில் பெரிதும் வளர்ந்துள்ளது. 2017இல் வி. வி. ராபினும் பிறரும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைப் பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்து, பிளான்ஃபோர்டு விவரித்த அவ்விரு பறவைகளையும் தனித்தனிப் புதிய பேரினங்களில் வைத்தனர். அவற்றுள் ஒன்றுக்குச் 'சோலை' என்னும் தமிழ்ச் சொல்லை அடியாகக் கொண்டு 'சோலிகோலா' எனப் பெயரிட்டனர். 150 ஆண்டுகளுக்கு முன் சேகரித்த பறவைகள் இன்றும் புதிய வினாக்களுக்கு விடை தருகின்றன. காரணம், அவை அருங்காட்சியகத்தில் பேணப்பட்டன. புறப்பாட்டு நாள்கள் அவ்வாறு பேணப்படவில்லை. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோதும், மலையின் நிலைவாழ் உயிரினங்களைப் பற்றிப் பேசுவதற்குச் சான்றுகள் இருந்த அளவுக்கு அதன் பருவ விருந்தினரைப் பற்றிப் பேசுவதற்குச் சான்றுகள் இருக்கவில்லை.

இன்றைய பதிவுகளும் பழைய நாட்காட்டியும்

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் பறவைப் பதிவு பெருமளவில் மக்கள்மயமானது. 2007இல் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் 'இந்தியன் பேர்ட்ஸ்' இதழும் இணைந்து 'மைக்ரண்ட் வாட்ச்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வலசைப் பறவைகளின் முதற்காட்சி நாளையும் இறுதிக் காட்சி நாளையும் பொதுமக்களிடமிருந்து திரட்டின. புறப்பாட்டை ஒரு வினாவாக முன்வைத்தது அதன் சிறப்பு. பின்னர் 'இ-பேர்ட்' தளம் பரவலானது. ஒரு நடையில் கண்ட எல்லாப் பறவைகளையும், நடந்த நேரத்தையும் தொலைவையும் குறிக்கும் 'முழுப்பட்டியல்' முறை அதன் அடிப்படை. முழுப்பட்டியலில் ஒரு பறவை இல்லையெனில், தேடியும் காணவில்லை எனக் கொள்ள இடமுண்டு. மேற்சுட்டிய முதற்சிக்கலுக்கு இதுவே தக்க தீர்வாகும். இவ்வகைத் தரவுகளைக் கொண்டே 2023இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நெடுங்காலப் போக்கினை அறியமுடிந்த 338 இனங்களுள் 60 விழுக்காடு குறைந்துள்ளன என்பது அதன் முடிவு.

தமிழில் பறவை அறிவும் இதற்கு இணையாக வளர்ந்தது. மா. கிருஷ்ணன், சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோரின் கட்டுரைகள், க. ரத்னத்தின் பெயர்த் தொகுப்பு, ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' ஆகியவை ஆங்கிலம் அறியாத பார்வையாளருக்கும் வாயிலைத் திறந்தன. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

எனினும் நாட்காட்டியை நோக்கினால் பழைய இடைவெளி மீண்டும் தோன்றுகிறது. பொங்கல் கணக்கெடுப்பு ஜனவரியில் நிகழ்கிறது. வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில் வருகிறது. உலகப் பறவை நாளும் அதனோடு இணைந்த அகணியப் பறவை நாளும் மே மாதத்தில் அமைகின்றன. வலசைப் பறவைகளின் பெரும்பகுதி புறப்படும் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரையிலான ஆறு வாரங்கள் இவற்றின் இடையே விடுபடுகின்றன. தமிழ்நாட்டில் அக்காலம் தேர்வுக்காலம். மாணவரும் ஆசிரியரும் தேர்வுக்கூடத்தில் இருக்கின்றனர். கிராமப்புறப் பதிவுகளுக்குப் பள்ளி, கல்லூரிக் குழுக்களே பெரிதும் துணைநிற்பதால், இக்காலத்தில் பதிவுகள் மெலிவது இயல்பு. தேர்வு முடிந்தபின் சுற்றுலாப் பருவம் தொடங்குகிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. மே மாதத்தில் மலையேறுவோர் பெருக்கம் எத்தகையது என்பதற்கு இதுவே சான்று. பாதிரிமாரின் கோடைவாசம் மறைந்தாலும் அதன் நாட்காட்டி மறையவில்லை. அன்றும் இன்றும் பார்ப்பவர் மலைக்கு வந்து சேர்வதற்குள் பறவைகளில் பல புறப்பட்டுவிடுகின்றன.

இதனால் ஒரு முடிவு பெறப்படுகிறது. இறுதிக் காட்சி நாள்களை மட்டும் வரிசைப்படுத்தி, பழனிமலையில் வேனிற்கால வலசை பிந்திவிட்டது அல்லது முந்திவிட்டது எனக் காட்டும் எந்த வரைபடமும் ஐயத்துக்குரியது. மே மாதத்தில் பார்வையாளர் பெருகப் பெருக, பிந்திப் புறப்படும் ஓரிரு பறவைகள் கண்ணிற்படும் வாய்ப்பும் பெருகும். பறவைகள் மாறாதிருக்கும்போதே பதிவு மாறியதாகத் தோன்றும்.

பெருமாள்மலைக்கு ஏற்ற பதிவுமுறை

மேற்கண்ட குறைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஆண்டு முழுவதும் மலையில் வாழ்வோரின் பங்கேற்பே தேவை. காப்பித் தோட்டங்களில் மழையளவைக் குறித்துவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையே காப்பிப் பூ மலரக் காரணமாதலால், தோட்டத்தார் அம்மழையின் நாளைக் கூர்ந்து நோக்குவர். வலசைப் பறவைகள் புறப்படும் காலமும் அதுவே. மழைப் பதிவேட்டின் அருகே பறவைக்கும் ஒரு பத்தியை ஒதுக்கினால், புறப்பாட்டையும் மழையையும் ஒருங்கே ஆராயத்தக்க தொடர் உருவாகும்.

அதற்கு நான்கு நெறிகள் போதுமானவை. முதலாவது, பிப்ரவரி இறுதி முதல் மே நடுவரை வாரத்துக்கு இருமுறை ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நடத்தல். இரண்டாவது, எளிதில் அடையாளம் காணத்தக்க ஐந்தாறு இனங்களை மட்டும் தேர்தல். சாம்பல் வாலாட்டி, பச்சைக் கதிர்க்குருவி, நீலத்தலைப் பூங்குருவி, ஆறுமணிக்குருவி ஆகியவை பொருத்தமானவை. ஆறுமணிக்குருவியின் பெயரே காலையிலும் மாலையிலும் அது குரலெழுப்பும் நேரத்தை உணர்த்துவதால், காட்சியின்றிக் குரலாலும் அதனைப் பதிவு செய்யலாம். மூன்றாவது, காணாத நாளையும் தவறாது எழுதுதல். நான்காவது, பாடல், இறகு மாற்றம் போன்ற புறப்பாட்டு முன்குறிகளைக் குறித்தல்.

தோட்டத் தொழிலாளர், பளியர், மலைவாழ் வேளாளர் ஆகியோர் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களையும் பருவக் குறிப்புகளையும் இப்பதிவேட்டோடு சேர்த்துத் தொகுத்தல் வேண்டும். காலனியப் பட்டியல்களில் சேகரித்தவரின் பெயர் நின்றது. பறவை இருக்குமிடத்தைக் காட்டியவரின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. வாய்மொழி அறிவைத் தமிழிலேயே பதிவு செய்வது அக்குறையை ஓரளவு நீக்கும். சொல்லாய்வாளர்க்கும் அது தரவாகும்.

முடிவுரை

பழனிமலைப் பறவைப் பதிவுகள் வளமானவை; அவற்றின் வளம் ஒருபக்கமானது. நிலைவாழ் பறவைகளின் இருப்பை அவை உறுதியாகக் காட்டுகின்றன. வலசைப் பறவைகளின் புறப்பாட்டை அவை காட்டுவதில்லை. அதனைக் காட்டுவதாகத் தோன்றும் இடங்களில் பார்வையாளரின் வருகையையே காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோடைவாசமும் புதிய இனத் தேடலும் இந்நிலைக்குக் காரணமாயின. இன்று தேர்வுக்காலமும் கணக்கெடுப்பு நாள்களும் அதே இடைவெளியைத் தொடரச் செய்கின்றன. எனவே பழைய பட்டியல்களை வலசையின் காலமாற்றத்துக்கு அடிப்படைச் சான்றாகக் கொள்வதைக் காட்டிலும், எவ்வெப்பறவைகள் இம்மலைக்கு வந்தன என்பதற்கான சான்றாகக் கொள்வதே முறையாகும்.

காலமாற்றத்தை அறியவேண்டுமாயின் அதற்கான அடிப்படை ஆண்டுகள் இனிமேல்தான் உருவாக்கப்பட வேண்டும். பெருமாள்மலை போன்றதோர் ஊரில், ஒரு தோட்டத்துப் பதிவேட்டிலோ ஒரு பள்ளியின் குறிப்பேட்டிலோ பத்தாண்டுகள் இடைவிடாது எழுதப்படும் பங்குனி, சித்திரைக் குறிப்புகள், இதுவரை அச்சேறிய பட்டியல்கள் தராத விடையைத் தரவல்லவை. பறவையைக் கண்ட நாளோடு, சென்று நோக்கியும் காணாத நாளையும் எழுதுவதிலிருந்து அப்பணி தொடங்குகிறது.